கோணல் வாய் ஸ்பேனர்

இரண்டு பக்கமும் வாய் உள்ள சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனரைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். வாய் நேராக இருக்காது, 15 டிகிரி சாய்ந்திருக்கும். சூட்சுமமே அந்தக் கோணலில்தான்! ஆறு பட்டை நட்டில் அடுத்த பிடி கிடைக்க ஸ்பேனர் 60 டிகிரி சுற்றி வரவேண்டும். என்ஜின் சந்துக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? பாதி, அதாவது 30 டிகிரி திருப்பிவிட்டு உருவுங்கள். ஸ்பேனரைக் குப்புறப் போட்டு மறுபடி மாட்டுங்கள். அச்சாக உட்காரும்! என் பைக்கின் சைலன்சர் நட்டில் இதைச் செய்து பார்த்து நான் போட்ட கூச்சலில், கையைச் சுட்டுக்கொண்டேனோ என்று மனைவி ஓடி வந்துவிட்டாள்.

அன்று பிடித்த பைத்தியம்தான். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டுக் குழாய்க்கு ஒதுக்கிவிட்டேன். நட்டின் பட்டையை மழுக்க அதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது.

கோணல் வாயைவிட அதிசயம் போல்ட்டு. முறுக்கினால் அது இழுபட்டு நீள்கிறது, ஐயா! கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் கவ்விப் பிடிக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா? முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது என்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் விட்டதும் பழையபடி சுருங்கிவிடும் என்கிறது. கணக்குப் போட்டால், சுண்டுவிரலைவிட ஒல்லியான 8 மி.மீ. போல்ட்டு அறுவதற்கு ஏறக்குறைய 3 டன் இழுவை வேண்டும். ஒரு போல்ட்டுக்கு!

இன்னொரு வேடிக்கை. நாம் மூச்சைப் பிடித்து முறுக்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இப்படி இழுப்பாக மாறுகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே கரைந்துபோகிறது. அதனால்தான் காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவை, எண்ணெய் தடவிய மரையில் அப்படியே வைத்தால் போல்ட்டு அளவுக்கு மீறி இழுபடும்.

மரை போடுவதோ தனி போதை. 8 மி.மீ. மரைக்கு 6.8 துளை. மரை வெட்டும் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது உள்ளே வெட்டுபட்ட இரும்புச் சுருள் ஒடிவது 'கடுக்' என்று உள்ளங்கையில் தெரியும். அந்தக் 'கடுக்'குக்காகவே பழைய இரும்புப் பட்டையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் துளை விழாத பட்டை இப்போது அரிது.