நெட்-எஸ்என்எம்பியின் ஓஐடி ஃபங்ஷன்கள்: கையில் எடுத்துப் பார்த்தால்

ரூட்டர், சுவிட்ச், யுபிஎஸ், பிரின்டர் என்று எதை எஸ்என்எம்பி வழியாக விசாரித்தாலும், கேள்வியே ஓஐடி என்ற எண் வரிசைதான். 1.3.6.1.2.1.1.3.0 என்று கேட்டால், சாதனத்தின் மேலாண்மைப் பகுதி ஓடத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்பது நூறில் ஒரு நொடிக் கணக்கில் பதிலாக வரும். 1.3.6.1.4.1.9 என்று தொடங்கினால் அது சிஸ்கோவின் கிளை. இந்த வரிசைகளை சி மொழியில் வாசிக்க, ஒப்பிட, அச்சிட நெட்-எஸ்என்எம்பி லைப்ரரி தரும் ஃபங்ஷன்களைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

லைப்ரரியின் பூர்வீகம் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1995இல் வெஸ் ஹார்டாக்கர் அதை வளர்த்தபோது யுசிடி-எஸ்என்எம்பி, 2000இல் நெட்-எஸ்என்எம்பி. அந்த வம்சாவளி ஓஐடியிலேயே பதிந்திருக்கிறது. லினக்ஸ் சர்வரின் நினைவகம், லோடு ஆகியவற்றை இன்றும் யுசிடியின் பழைய எண்ணான 2021ஆம் கிளையில்தான் கேட்கிறோம். புதிய வீட்டின் எண் 8072.

முதலில் ரீட்_ஆப்ஜ்ஐடி. எழுத்தாக இருக்கும் ஓஐடியை எண்களின் அரேயாக மாற்றித் தருவது இதன் வேலை. வெற்றி என்றால் 1, தோல்வி என்றால் 0. மூன்றாவதாகக் கொடுக்கும் நீளத்துக்கு இரட்டை வேடம். உள்ளே போகும்போது அரேயில் எத்தனை இடம் இருக்கிறது என்று சொல்கிறது. வெளியே வரும்போது எத்தனை இடம் நிரம்பியது என்று சொல்கிறது. லூப்பில் ஓஐடிகளை வரிசையாக வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி 128 ஆக்க வேண்டும். விட்டால், 9 எண் கொண்ட ஓஐடிக்குப் பின் வரும் 11 எண் கொண்டது இடமில்லாமல் தோற்கும். அந்த 128 லைப்ரரி தானாக வைத்த எல்லை அல்ல. ஓர் ஓஐடியில் அதிகபட்சம் 128 எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட்டுக்குள் என்று 1999இல் வந்த ஆர்எஃப்சி 2578 வகுத்த விதி அது.

எண்ணுக்குப் பதில் பெயரையும் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் இனிட்_எஸ்என்எம்பி ஓடி, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் மிப் கோப்புகளை ஏற்றியிருக்க வேண்டும். டெபியனில் உரிமச் சிக்கலால் பல மிப் கோப்புகள் கூட வருவதில்லை. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் ‘ஓஐடி தெரியவில்லை’ என்ற பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டும் புதியவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் நிரலில் ஒரு குறையும் இருக்காது.

இந்த லைப்ரரியின் உயிர்நாடி எஸ்என்எம்பி_ஓஐடி_கம்பேர். இரண்டு ஓஐடிகளையும் அவற்றின் நீளங்களையும் கொடுத்தால் -1, 0, 1 என்று வரிசை சொல்லும். இதற்கெதற்குத் தனி ஃபங்ஷன், எழுத்தாகவே ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இன்டர்ஃபேஸ் அட்டவணையைப் பார்க்கட்டும். அதில் விவரணம் 2ஆம் பத்தி, உள்ளே வந்த பைட்டுகள் 10ஆம் பத்தி. எழுத்தாக ஒப்பிட்டால் 10 முன்னால் வந்து நிற்கும். எண்ணாக ஒப்பிட்டால்தான் 2 முன்னால் வரும். எஸ்என்எம்பியில் ‘அடுத்தது என்ன’ என்று கேட்டு நகரும் நடையே இந்த வரிசையை நம்பித்தான் இருக்கிறது. சாதனம் தவறிப்போய்ப் பழைய ஓஐடியையே திருப்பித் தந்தால் நிரல் முடிவில்லாமல் சுற்றும். எஸ்என்எம்பிவாக் கருவி இதைப் பிடித்து, ஓஐடி ஏறவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. நம் நிரலிலும் அப்படி நிற்க வைக்க வேண்டும். முந்தைய ஓஐடியையும் புதிதாக வந்ததையும் கம்பேரில் போட்டு, -1 வராவிட்டால் வெளியேறு. சோதனைக்காக வேண்டுமென்றே வரிசை கலைத்த பதில்களை ஊட்டிப் பார்த்தேன். ஒன்றையும் விடாமல் பிடித்தது.

நெட்எஸ்என்எம்பி_ஓஐடி_ஈக்வல்ஸ் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. வேகமானது, நீளம் வேறு என்றால் எண்களைத் தொடாமலே முடிவு சொல்லிவிடும். ஆனால் சமம் என்றால் 0 தருகிறது. பெயரைப் படித்துவிட்டு இஃப்புக்குள் நேராக வைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். கிளைக்குள் இருக்கிறதா என்று சொல்லும் நெட்எஸ்என்எம்பி_ஓஐடி_இஸ்_சப்ட்ரீயும் அப்படித்தான்: முதலில் வேர், பிறகு சோதிக்க வேண்டிய ஓஐடி, உள்ளே இருந்தால் 0. இரண்டையும் தெளிவான பெயருள்ள சின்ன ஃபங்ஷனுக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு, நேரடியாக அழைப்பதைக் குழுவில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

நீளம் எங்கும் எண்களின் எண்ணிக்கைதான், பைட் கணக்கல்ல. 64 பிட் லினக்ஸில் ஓஐடியின் ஓர் எண் 8 பைட் எடுக்கும். சைஸ்ஆஃப் மதிப்பை அப்படியே கொடுத்தால் 128க்குப் பதில் 1024 போகும். ஃபங்ஷன் அரேயைத் தாண்டி வாசிக்கும். நிலையான அரேக்களுக்கு ஓஐடி_லெங்த் மேக்ரோ இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

அச்சிட எஸ்என்பிரின்ட்_ஆப்ஜ்ஐடி, பஃபர் அளவைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதால் நிம்மதி. நகலெடுக்க எஸ்என்எம்பி_டூப்ளிகேட்_ஆப்ஜ்ஐடி, அது ஒதுக்கும் நினைவகத்தை விடுவிப்பது உங்கள் பொறுப்பு.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு பைஎஸ்என்எம்பி இதைவிட இதம். அங்கே ஓஐடி தன் நீளத்தைத் தானே சுமக்கிறது. ஒப்பீடும் கிளைச் சோதனையும் கூடவே வருகின்றன. கோ மொழியின் கோஎஸ்என்எம்பி பதிலில் ஓஐடியை வெறும் எழுத்துச்சரமாகத் தருகிறது. எண்வரிசையில் அடுக்க வேண்டுமானால் அதைப் பிரித்து எண்களாக்கியே தீர வேண்டும். சாதனத்துக்குள் ஓடும் ஏஜென்ட்டை சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு மட்டும், இத்தனை குறைகளோடும் நெட்-எஸ்என்எம்பியைத்தான் தயங்காமல் கையில் கொடுப்பேன்.