ஒரே செடியில் ஒரு தோட்டம்

சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள ஷியாவ்லான் ஊரில் சாமந்திக்கென்றே 60 ஆண்டுக்கொருமுறை பெருவிழா. முதல் விழா 1814-இல்; நான்காவது 1994-இல்.

விழாவின் நாயகி ஒற்றைச் செடிதான். மருக்கொழுந்து இனத்தைச் சேர்ந்த முரட்டுத் தண்டில் சாமந்தியை ஒட்டுக்கட்டுகிறார்கள். கொழுந்தைக் கிள்ளக் கிள்ளக் கிளை பெருகும். கிளைக்கு ஒரு மொட்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, நூற்றுக்கணக்கான பூக்களை மூங்கில் சட்டத்தில் வட்ட வட்டமாகக் கட்டுகிறார்கள். அத்தனையும் ஒன்றாக விரிய வேண்டும், வித்தையே அதுதான்!

இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டுவிடும். அதனால் இது இலையுதிர்காலப் பூ. சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் மலையேறி, சாமந்தி மது அருந்துவது பழைய வழக்கம். பதவியை உதறிய கவிஞர் தாவ் யுவான்மிங்குக்கும் பிடித்த பூ இதுவே.

ஹாங்சோ பக்கத்து வெள்ளைச் சாமந்தியைத் தேநீராக ரசித்துக் குடிக்கலாம். பூங்கொத்தாக நீட்டினால்தான் வம்பு: அங்கே அது இழவு வீட்டுப் பூ.