ஒரே சொல், வேறு பொருள்: சமூக நீதிச் சொற்பொழிவுகளும் தமிழ்–தெலுங்கு மொழிபெயர்ப்பும்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் அமைந்த கங்காதர நெல்லூர், தமிழும் தெலுங்கும் அன்றாடம் ஒன்றையொன்று உரசிச் செல்லும் எல்லைப் பகுதியைச் சார்ந்தது. 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி, பேசுவோர் நகரவில்லை. கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆகவே சமூக நீதி பற்றிய சொற்பொழிவு இங்கு ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. ஒரு மொழியில் ஆற்றப்படும் உரையை மற்ற மொழியினர் பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் கேட்கும் சூழல் இத்தகைய ஊர்களுக்கே உரியது. முற்றும் புரியாத மொழியைவிடப் பாதி புரியும் மொழியே மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றுகிறது.

இவ்விரு மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் பொதுவான வடசொற்களைப் பெருந்துணையாகக் கொள்கின்றனர். இரு மொழிக்கும் பொதுவான இலக்கணக் கூறுகளைப் பொருட்படுத்துவதில்லை. சமூக நீதி உரைகளைப் பொறுத்தவரை இம்முறை தலைகீழானது எனலாம்.

'நீதி', 'நியாயம்' ஆகிய சொற்களையே முதலில் நோக்கலாம. இரண்டும் இரு மொழிகளிலும் உண்டு. ஆனால் தெலுங்கில் நீதிமன்றம் 'நியாயஸ்தானம்', நீதிபதி 'நியாயமூர்த்தி', வழக்கறிஞர் 'நியாயவாதி'. 'நீதி' என்பது அங்கு ஒழுக்கம், நன்னடத்தை என்னும் பொருளில் நிற்கிறது. அதன் எதிர்ச்சொல்லாகிய 'அவினீதி' இன்று ஊழலைக் குறிக்கிறது. தமிழிலோ மன்றமும் தீர்ப்பும் 'நீதி'யின் பக்கம் சேர்ந்துவிட்டன. ஒழுக்கப் பொருள் 'நீதிநூல்', 'நீதிக்கதை' போன்ற தொடர்களில் எஞ்சியுள்ளது. 'நியாயம்' பொருத்தம், தகவு என்ற அளவில் குறுகி, நியாய விலைக் கடை வரை வந்துள்ளது. இதன் விளைவாக, 'சாமாஜிக நியாயம்' என்னும் தெலுங்குத் தொடர் தமிழ்ச் செவிக்கு உரிமைக் கோரிக்கையாக அன்றி, சமூகத்தின் பெருந்தன்மையை வேண்டும் மென்குரலாகப் படுகிறது. 'சமூக நீதி' என்னும் தமிழ்த்தொடரை அப்படியே ஏற்கும் தெலுங்குச் செவிக்கு அது ஒழுக்க உபதேசமாகிறது. 1917-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' இதழின் பெயரால் அறியப்பட்ட கட்சி தமிழில் 'நீதிக்கட்சி' ஆனதும், அரசியல் மேடையில் இச்சொல்லின் பொருள் உறுதிப்பட ஒரு காரணம் எனக் கருதலாம். அக்கட்சியின் முதலமைச்சராயிருந்த பனகல் அரசர் காளத்தியில் பிறந்தவர் என்பதும், இருமொழி மண்ணின் பங்கை நினைவூட்டுகிறது.

சொற்பொழிவைக் குறிக்கும் சொற்களே இரு வழியில் பிரிந்துள்ளன. 'உபந்நியாசம்', 'பிரசங்கம்' என்பவை தெலுங்கில் இன்றும் எல்லாப் பொது உரைக்கும் வழங்குகின்றன. தமிழில் 1920களிலும் 1930களிலும் அரசியல் பேச்சுக்கும் வழங்கிய இவை, பின்னர் முறையே கோயில் மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் பெரிதும் உரியவையாயின. அவ்விடத்தைச் 'சொற்பொழிவு' நிரப்பிற்று. இதில் பிழைபட்டால் நகைப்போடு போகும். அடுத்துக் கூறப்படுவது அத்தகையதன்று.

தமிழில் 'சாதி' எனப்படுவது தெலுங்கில் 'குலம்'. தெலுங்கின் 'ஜாதி' பெரும்பான்மையும் இனம், தேசிய இனம் என்னும் பொருளது. தேசத் தந்தையைத் தெலுங்கர் 'ஜாதிபிதா' என்பர். மறுதலையாகத் தமிழில் 'குலம்' வழிமரபையும் அதில் பிறந்த மக்களையும் குறிப்பது. அம்பேத்கரின் புகழ்பெற்ற ஆற்றப்படாத சொற்பொழிவு தெலுங்கில் 'குல நிர்மூலன' என்னும் பெயரால் வழங்குகிறது. தெலுங்கில் இது பிழையற்ற, ஆற்றல் மிக்க தலைப்பு. வேரோடு களைதல் என்னும் உருவகம் அதில் உயிரோடுள்ளது. ஆனால் தெலுங்கு உரையொன்றில் வரும் இத்தொடரைத் தமிழர் தம் சொற்களாகவே கேட்டால், ஒரு குலத்து மக்களைப் பூண்டோடு அழித்தல் என்ற பொருளே முந்தும். மூலநூலின் வாதமோ இதற்கு நேர் எதிரானது. சாதி என்பது இடித்துத் தள்ளத்தக்க பருப்பொருளன்று, மனத்தில் ஊன்றிய கருத்து. அதைக் கைக்கொள்ளும் மக்களைவிட, அதைக் கற்பிக்கும் சாத்திரங்களின் அதிகாரமே தாக்கப்பட வேண்டியது என்பதே அந்நூலின் நிலை. ஒரு சொல்லை மாற்றாமல் விட்டதனால் கருத்தைக் குறிவைத்த உரை மக்களைக் குறிவைத்ததாகத் திரிகிறது.

இவ்வுரை லாகூரைச் சார்ந்த ஜாத்-பாத்-தோடக் மண்டலின் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்கெனத் தலைமையுரையாக எழுதப்பட்டது. சில பகுதிகளை அழைத்தோர் ஏற்கவில்லை. அம்பேத்கர் திருத்த இசையவில்லை. மாநாடு கைவிடப்பட, அவரே தம் செலவில் அதை நூலாக்கினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே தமிழ், குஜராத்தி மொழிபெயர்ப்புகள் பற்றிய குறிப்பு உள்ளது. குடி அரசு வெளியீடாக வந்த தமிழாக்கத்தின் தலைப்பு 'ஜாதியை ஒழிக்க வழி' என்பதாகும். மூலத் தலைப்பில் இல்லாத 'வழி' இங்கு சேர்ந்தது. சொல்லுக்குச் சொல் நேர்நிற்றலை அளவுகோலாகக் கொள்வோர் இதை மிகை என்பர். ஆனால் கேட்போரை நோக்கி, செய்ய வேண்டியதைச் சொல்லும் உரை என்னும் தன்மையை இத்தலைப்பே காக்கிறது. பிற்காலத்தில் பெருகிய 'சாதி ஒழிப்பு' என்னும் பெயர்த்தொடர் நூலை ஆய்வுக் கட்டுரையாக்கிவிடுகிறது.

அண்மைக் காலச் சான்றும் ஒன்றுண்டு. பட்டியல் சாதியினர்க்கான இடஒதுக்கீட்டை உட்பிரிவுகளுக்குப் பகிர்வதைத் தெலுங்கு மேடை 'வர்கீகரண' என்கிறது. தமிழ் மேடை 'உள் ஒதுக்கீடு' என்கிறது. ஆந்திரத்தில் 1994-இல் எழுந்த மாதிக தண்டோரா இயக்கத்தின் கோரிக்கையை ஒட்டி 2000-இல் இயற்றப்பட்ட சட்டம் நான்கு பிரிவுகளை வகுத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு அளிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 1-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றியது. தெலுங்குச் சொல் பிரித்தலை முன்னிறுத்துகிறது, தமிழ்ச் சொல் பங்கை. எதிர்ப்போர் 'பிரிவினை' என்று வாதிடும்போது தெலுங்குச் சொல் அவர்க்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. 'வகைப்பாடு' எனத் தமிழாக்குவோர் அவ்விழப்பையும் சேர்த்தே இறக்குமதி செய்கின்றனர்.

சொற்கள் இவ்வாறு கைவிடும் இடத்தில் இலக்கணம் உதவ வருகிறது. தமிழின் 'நாம்', 'நாங்கள்' போலவே தெலுங்கில் 'மனம்', 'மேமு' என முன்னிலையாரை உளப்படுத்தும் வடிவமும் உளப்படுத்தா வடிவமும் உள்ளன. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. அண்டையிலுள்ள இக்காலக் கன்னடமும் இதனை இழந்துவிட்டது. அம்பேத்கரின் உரை இந்துச் சீர்திருத்தக்காரர்களை நோக்கியது. 1935-இல் இயோலாவில் மதம் மாறும் முடிவை அறிவித்தவர், உரையின் இறுதியில் தம்மை அவர்களிடமிருந்து பிரித்துக்கொள்கிறார். எந்த இடம்வரை 'நாம்', எங்கிருந்து 'நாங்கள்', 'நீங்கள்' என்பது இங்கு நடை பற்றிய வினாவன்று, வாதத்தின் எலும்பு. பழைய தமிழ் இதழ்நடையில் ஆசிரியர் தம்மை 'நாம்' என்றே குறித்துக்கொண்ட வழக்கால் இச்சிக்கல் கூடுகிறது. ஆங்கில மூலத்தோடு தெலுங்குப் பெயர்ப்பையும் உடன்வைத்துத் தமிழாக்குபவர், 'மனம்' வரும் இடங்களையும் 'மேமு' வரும் இடங்களையும் ஒப்பிட்டால், முன்னவர் எங்கெங்கே எவ்வாறு முடிவு செய்தார் என்பதைக் காணலாம். மாறாக, 'செய்யப்பட வேண்டும்', 'கருதப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகளால் இம்முடிவைத் தட்டிக்கழிக்கும் தமிழாக்கங்களில், குற்றம் சாட்டுபவரும் சாட்டப்படுபவரும் ஒருங்கே மறைந்துபோகின்றனர்.