செம்மண் மேனியர்

இயற்கையின்பால் மனிதனுக்குள்ள பற்றைச் சிற்பத்தில் காட்டுக என்றால், மரத்தையும் மலரையும் செதுக்கி அமைவோர் பலர். இராம்கிங்கர் பைஜ் (1906-1980) சாந்திநிகேதனத்தில் 1938-இல் படைத்த 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பத்தில் ஓர் இலைகூட இல்லை. ஆயினும் அப்பற்றை இத்துணை ஆழமாக உணர்த்தும் தற்காலச் சிற்பம் நம் நாட்டில் வேறில்லை என்பது என் துணிபு.

அச்சிற்பத்தின் உடலே அவ்வூர் மண்ணால் ஆயது. வெண்கலத்தையும் பளிங்கையும் கலைஞர் நாடவில்லை. அவ்வட்டாரத்துச் செம்புராங்கல் சரளையைச் சிமெண்டோடு கலந்து, கையால் அள்ளி அப்பி உருவாக்கினார். கலவை இறுகுவதற்குள் கை விரைய வேண்டும், மெருகேற்ற நேரமேது? ஆகவே தந்தையின் தோளும் தாயின் இடுப்பும் வெயிலில் வெடித்த வயலைப் போலச் சொரசொரப்பாகவே நின்றுவிட்டன. தந்தை தோளில் காவடி, தாயின் தலையில் கூடை, உடன் குழந்தைகள், காலருகே ஒரு நாய். உள்ள உடைமையெல்லாம் சுமந்து அக்குடும்பம் இடம் பெயர்கிறது. பெட்டி படுக்கையோடு இரயிலேறி வந்த நம்மவர்க்கு இக்காட்சியை விளக்கவும் வேண்டுமோ? நாம் மண்ணை ஊரில் விட்டு வந்தோம். அவர்களோ அதை மேனியிலேயே கொண்டு நடக்கிறார்கள்.

1956-இல் அவர் அமைத்த 'ஆலையின் அழைப்பு' மற்றொரு வியப்பு. அரிசி ஆலைக்கு ஓடும் பெண்கள் ஈரப்புடவையை ஓடும்போதே உலர்த்துகின்றனர். காற்றைச் செதுக்க இயலாது. பறக்கும் புடவையைச் செதுக்கினார், காற்று தானே வந்துவிட்டது.

இதே கைகள் செதுக்கிய யட்சி, தில்லி ரிசர்வ் வங்கியின் வாயிலில் நிற்கிறாள். யட்சி பண்டைய மரத்தெய்வம். அவளது ஆடையின்மை பற்றி எழுந்த கூச்சலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. என் குறை வேறு. வேளாண்மைக்கு யட்சி, தொழிலுக்கு யட்சன் என்று பொருள் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. மேலிடக் குறிப்புக்கேற்ப வரைவு எழுதிப் பழகிய என் போன்றோர்க்கு இந்நெருக்கடி நன்கு விளங்கும். கல் சிறந்தது; உளியும் சிறந்தது; ஆனால் மரத்தின் நினைவு அவளிடம் மங்கிவிட்டது. அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு நம் வழியே செல்கிறோம். சாந்திநிகேதனத்திலோ பீடம் தாழ்ந்தது. அக்குடும்பம் எதிரே வருவது போலிருத்தலால், நாயை மிதித்துவிடாமல் ஒதுங்கி வழிவிடத் தோன்றுகிறது.