தாம்பரத்தில் ஒரு கேம் சர்வர்: எந்த ரவுட்டர் தாங்கும்?

சென்னை ரிச்சி தெருவில் போய் "கேமிங் ரவுட்டர்" என்று கேட்டால், ஆன்டெனாக்கள் முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். ஆன்டெனா கூடக் கூட விலையும் கூடும். கேம் ஆடுகிறவருக்கு அதில் ஏதாவது பலன் இருக்கலாம். வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வரை ஓடவிட்டு, குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் இருக்கும் நண்பர்களை அதற்குள் அழைக்கிறவருக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. சர்வருக்கு வைஃபை எதற்கு? அதை லேன் கேபிளில்தானே மாட்டப் போகிறோம்.

கடைக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது வேறு. இப்போது வீட்டில் இருக்கும் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, 'வான் ஐபி' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ, எந்த ரவுட்டர் வாங்கினாலும் அந்த முகவரி வழியாக வெளியாள் யாரும் உங்கள் சர்வருக்குள் வர முடியாது. உலகத்தின் ஐபிவி4 பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு, இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்கென்றே இந்த 100.64 வரிசை ஒதுக்கப்பட்டது. ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால், கூரியர்காரருக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எப்படித் தெரியும்? சிஜி-நேட் என்பது அந்த ஏற்பாடுதான். யூடியூப் பார்க்க ஒரு குறையும் தெரியாது. சர்வர் வைத்த அன்றைக்குத்தான் தெரியும்.

தாம்பரத்தைச் சுற்றிச் சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் ஈபி கம்பம் வழியாக ஃபைபர் வந்து பல வருடமாகிறது. பெரிய நிறுவனங்களும் உண்டு, தெருவுக்குத் தெரு கேபிள்காரரும் உண்டு. லைன் போட வந்தவரிடம் பப்ளிக் ஐபி கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் கனெக்‌ஷனுக்குத்தான் சார், வீட்டுக்கு எதுக்கு?" என்றார். விடாமல் கஸ்டமர் கேரில் கேளுங்கள். மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்டாடிக் ஐபி தருகிறவர்கள் இருக்கிறார்கள். தர மறுத்தால் ஐபிவி6 இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோ போன்ற நெட்வொர்க்குகளில் அது தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் ஆடவரும் நண்பருக்கும் ஐபிவி6 இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வெளியே ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடலாம். அக்கமாய் நிறுவனத்தின் லினோட் மையம் சென்னையிலேயே இருப்பதால், சுற்றிவளைத்து வருவதில் பிங் அதிகம் ஏறாது.

முகவரிப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் ரவுட்டர் பேச்சு. நான் இப்போது ஓட்டுவது லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3 என்ற மாடல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. ஐந்து கிகாபிட் போர்ட், 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டைக் கோர் சிப், 256 எம்பி ராம். ஆன்டெனா கிடையாது, வைஃபையே கிடையாது! வீட்டில் இருக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றி இதன் பின்னால் மாட்டிவிட்டால் போன்களுக்கு அது போதும்.

இதை நான் எடுத்ததற்குக் காரணம் வேகம் இல்லை, வரிசை. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை தன் உலகத்தைக் கணக்கிட்டு ஆடுகிற ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் பொடிப் பொட்டலம். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றினால், அந்தப் பெரிய பொட்டலங்கள் எல்லாம் முன்னால் போய் நின்றுகொள்ளும். சாதாரண ரவுட்டர் வந்ததை வந்தபடி வரிசையில் அடைத்து வைக்கும். பிங் மூன்று இலக்கத்துக்குத் தாவும், ஆடுகிற பையன்கள் "அண்ணே, லேக் அடிக்குது" என்று கத்துவார்கள். டவுன்லோடு வேகத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. அடைபடுவது அப்லோடு பக்கம்.

மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7-இல் இதற்கு 'கேக்' என்று ஒரு வரிசை முறை உண்டு. 100 எம்பி லைன் என்றால் அப்லோடு உச்சவரம்பை 90 என்று எழுதி, வரிசை வகையைக் கேக் என்று மாற்ற வேண்டும். அப்போது நெரிசல் நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் பெட்டியில் சேரும், யாரை முன்னால் விடுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெட்டியோடு வரும் ஃபயர்வால் அமைப்பில் ஃபாஸ்ட்ட்ராக் என்று ஒரு விதி இருக்கும். அது பொட்டலங்களைக் குறுக்குவழியில் அனுப்பிவிடும், வரிசையைத் தொடவே விடாது. அந்த விதியை அணைக்காத வரை கேக் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அணைத்த பிறகு பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே ஆடச் சொன்னேன். பையன்கள் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வாய் மூடியிருப்பதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

போர்ட் திறப்பதும் இதில் கொஞ்சம் கைவேலைதான். மைக்ரோடிக்கின் விண்பாக்ஸ் செயலியில் நேட் பக்கத்துக்குப் போய், டிசிபி 25565-க்கு வருவதை சர்வரின் உள் ஐபிக்கு அனுப்பு என்று விதி எழுத வேண்டும். வெளியாட்கள் உள்ளே வந்துவிடுவார்கள், ஆனால் அதே வீட்டின் அடுத்த அறையில் இருக்கும் தம்பிக்கு வெளி முகவரியைப் போட்டால் திறக்காது. அதற்கு ஹேர்பின் நேட் என்று இன்னொரு விதியைத் தனியாக எழுத வேண்டும். மெனுக்களைப் பார்த்தாலே பலருக்குத் தலை சுற்றும். எதைத் தொடுவதற்கு முன்பும் மேலே இருக்கும் 'சேஃப் மோடு' பொத்தானை அழுத்திவிடுங்கள். தப்பாக எதையாவது செய்து இணைப்பு அறுந்தால், மாற்றியதெல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்பவர்களுக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. ஹெக்ஸைவிட மலிவாகக் கிடைக்கும். இதிலும் கிகாபிட் போர்ட்கள்தான், வைஃபையும் கூடவே வருகிறது. போர்ட் திறக்கும் வேலை ஒரு படிவத்தை நிரப்புவதோடு முடிந்துவிடும். கேக் மாதிரி வரிசை நிர்வாகம் இல்லை என்பது மட்டும்தான் குறை. நாலைந்து பேர் மட்டும் ஆடும் சர்வர், வீட்டில் அப்லோடு செய்பவர் அதிகம் இல்லை என்றால் இதுவே போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றிக் குறையைப் போக்கலாம் என்று யாராவது சொன்னால், பெட்டியின் அடியில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே சிப் மாறும்.

பாதுகாப்பு விஷயத்தில் ஹெக்ஸ்காரர்கள் மெத்தனமாக இருக்கக் கூடாது. 2018-இல் விண்பாக்ஸில் ஒரு ஓட்டை வெளிப்பட்டு, புதுப்பிக்காமல் கிடந்த மைக்ரோடிக் பெட்டிகள் ஏராளமாகத் திருடர் கைக்குப் போயின. வாங்கிய அன்றே அப்டேட் செய்துவிட்டு, வெளியிலிருந்து விண்பாக்ஸ் திறக்காதபடி அடைத்துவிடுங்கள். எந்த ரவுட்டராக இருந்தாலும், உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி அணைந்திருக்கட்டும், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மாற்றாமல் கிடந்த வீட்டு ரவுட்டர்களையும் கேமராக்களையும் 2016-இல் ஆட்டிப்படைத்த மிராய் வைரஸை உருவாக்கிய பையன்கள், போட்டி மைன்கிராஃப்ட் சர்வர்களை முடக்கும் தொழிலில் இருந்தவர்கள்தான். சர்வர் வைத்திருப்பவர் இதை மறக்கக் கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒரு அனுகூலம். ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும் என்பதால், கடையில் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலேயே ஓடும். ஃபைபர் டப்பாவுக்கு ஒன்று, இதற்கு ஒன்று வைத்தால், கோடையில் கரண்ட் போய் வந்தாலும் லைன் அறுபடாது. சர்வர் கம்ப்யூட்டருக்கு வேறு பெரிய யுபிஎஸ் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மரக்கிளை முறிந்து ஃபைபரே அறுந்தால் எந்த யுபிஎஸ்ஸும் உதவாது.

100 எம்பி, 200 எம்பி பிளானில் சர்வர் ஓட்டுகிறவர் ஹெக்ஸ் வாங்கலாம், பட்டியல் விலை 60 டாலர் வாக்கில். கிகாபிட் பிளான் போட்டு முழு வேகத்திலும் கேக் வேண்டும் என்பவருக்கு இந்தச் சிப் போதாது, அவர் அடுத்த படியில் இருக்கும் மாடல்களைப் பார்க்க வேண்டும். வான் ஐபி இன்னும் 100.64-லேயே நிற்கிறதா? ரவுட்டருக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்டாடிக் ஐபிக்குக் கட்டுங்கள்.