ஆறாவது பாடம்

2024 ஜூலை 19-ம் தேதி உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துக்கொண்டன. நம் ஊர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா?

கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய சின்ன அப்டேட்தான் காரணம். ஆகஸ்ட்டில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை படிக்க வேண்டியது. புது விதி எதிர்பார்த்தது 21 விவரங்கள். புரோகிராம் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடிப் போய் விண்டோஸ் விழுந்தது. மழுப்பாமல் சொல்லியிருக்கிறார்கள், சபாஷ்!

ஆனால் பாடங்களின் வரிசைதான் இடிக்கிறது. 'இனி எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் படிப்படியாக அனுப்புவோம்' என்பது ஆறாவதாக, கடைசியில் வருகிறது. அதுதான் சார் முதலில் வந்திருக்க வேண்டும்!

தப்பான ஃபைலை 78 நிமிடத்தில் வாபஸ் வாங்கினார்கள். என்ன பிரயோஜனம்? பூட் ஆகாத மெஷினுக்கு நெட் வழியாக மருந்து அனுப்ப முடியாதே! பெரும்பாலும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டியவர்கள் 48 இலக்கச் சாவி தேடினார்கள். சிலருக்கு அதுவும் படுத்துவிட்ட இன்னொரு சர்வருக்குள்!

உங்கள் ஆபீஸில் அப்டேட் வந்தால் முதலில் ஒரே ஒரு மெஷினில் போட்டுப் பாருங்கள். சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.