ஜாவா தெரியும் என்றால் என்ன தெரியும்?

குனோங் ராபாட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ் நிரலாளர்களின் விவரத் தொகுப்பு தயாரிக்கிறோம். படிவத்தில் கட்டங்கள்: ஜாவா, பைத்தான், பிஎச்பி. ஆளுக்கு ஒரு கட்டம்.

முத்து நெடுமாறனை இதில் எங்கே போடுவது? 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியவர்; மேக் கணினியின் இணைமதி எழுத்துருவும் அவருடையதே. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2008 வகைப்பாட்டில் மென்பொருள் உருவாக்குநர் 2512, வரைகலை வடிவமைப்பாளர் 2166. ஆள் ஒருவர், பெட்டி இரண்டு.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். செக்ரோலில் பேர் விழுந்த நாள்தான் கணக்கு. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் குறையும். அந்தக் கைப்பக்குவத்துக்கு அதில் கட்டம் இல்லை.

கோயில் கணக்கை எக்செல்லில் தானாக ஓட வைத்த தம்பி ஒருவன் எங்கள் படிவத்தை வெறுமையாகவே திருப்பித் தந்தான். "எனக்கு இதுல ஒன்னும் தெரியாதுண்ணே."

பிழை அவனிடம் இல்லை, படிவத்தில். தேடுவதற்குக் கட்டங்கள் தேவைதான். ஒருவர் எத்தனையில் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் முதல் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: என்ன செய்து கொடுத்தீர்கள், யாருக்கு? ஜாவா அதற்குப் பிறகு வரட்டும்.